“எல்லாருக்கும் தெரியும்” என்றார் ஆனந்தராஜா

1985ஆம் ஆண்டு மாரி காலத்தில் ஆனந்தராஜா லண்டனுக்கு வந்து இறங்கியபோது அவருக்கு நாற்பத்தொரு வயது. யாழ்ப்பாணத்தில் பதினாறு வருடம் கூட்டுறவுக் கந்தோரில் கிளாக்கராக இருந்தவர். மேலிடத்துக்கு இங்கிலிஷில் ஒரு கடிதம் போக வேண்டுமென்றால் அவரைத்தான் தேடுவார்கள். வேலை எடுத்துக் கொடுக்கும் கந்தோரில் இருந்த வெள்ளைக்காரப் பெண் அவருடைய சான்றிதழ்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, தென் லண்டனில் ஓர் ஆஸ்பத்திரியின் விலாசத்தை எழுதிக் கொடுத்தாள். கந்தோர் வேலை என்று நினைத்து ஆனந்தராஜா கழுத்தில் ரை கட்டிக்கொண்டு போனார். அவரைக் கூட்டிக்கொண்டு போய் விட்ட இடம், கட்டடத்தின் அடித்தளத்தில் இருந்த சலவைப் பகுதி.

கதவைத் திறந்ததும் ஆவி முகத்தில் அடித்தது. சவர்க்காரம், கொதித்த துணி, நோயாளிகளின் வேர்வை, காய்ந்த இரத்தம். அந்த மணம் அவருக்குப் புதிதல்ல. அவருடைய தகப்பன் மாணிக்கம் ஊரில் வேளாளர் வீடுகளுக்குத் துணி வெளுத்தவர். அந்த வீடுகளின் சின்னப் பிள்ளைகள்கூட அவரை ‘மாணிக்கன்’ என்றுதான் கூப்பிடும். கொஞ்சம் மரியாதை வைக்க நினைத்தவர்கள் ‘கட்டாடி’ என்பார்கள். செத்த வீட்டில் பந்தலுக்கு வெள்ளை கட்டுவதும், பிணம் போகிற வழியில் சேலை விரிப்பதும், காரியம் முடிந்ததும் அந்தத் துணிகளை மூட்டையாகக் கட்டிக்கொண்டு பின்பக்கத்தால் வெளியேறுவதும் அவருடைய கடமை. மூட்டையின் ஒரு நுனியைப் பிடித்தபடி பின்னால் போன பிள்ளைக்கு ஆனந்தன் என்று பெயர். அந்த மூட்டையை இனித் தொடுவதில்லை என்றுதான் அவன் விழுந்து விழுந்து படித்தான். கந்தோர் வேலை கிடைத்த வருடம் சத்தியக் கடதாசி முடித்துப் பெயரின் கடைசியில் ஒரு ‘ராஜா’வையும் சேர்த்துக்கொண்டான்.

இப்போது ஒரு சுப்பவைசர் அவருக்கு முன்னால் ஊத்தைத் துணி மூட்டை ஒன்றைத் தள்ளிவிட்டுப் போனான். அகதி விண்ணப்பத்துக்கு இன்னும் முடிவு வரவில்லை. கிடைத்த வேலையை வேண்டாம் என்று சொல்லிவிட்டு எங்கே போவது? ஆனந்தராஜா ரையைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டுக் குனிந்தார்.

அன்று பின்னேரம் மிச்சம் என்ற தென் லண்டன் பகுதியில் இருந்த ஒற்றை அறைக்குத் திரும்பியதும் மனைவி அருள்நாயகியிடம் சொன்னார்:

“ஆரும் கேட்டால், ஆசுப்பத்திரிக் கந்தோரில வேலை எண்டு சொல்லும்.”

அவள் அவருடைய சிவந்து ஊதிப்போன கைகளைப் பார்த்தாள். “இஞ்ச ஆரப்பா எங்களைக் கேக்கப் போகினம்?”

“கேப்பினம்,” என்றார்.

கேட்கத்தான் செய்தார்கள். பஸ் தரிப்பில், மரக்கறிக் கடையில், பிறந்தநாள் வீடுகளில், தமிழ் முகத்தைக் கண்டால் முதல் கேள்வி, “ஊரில எவடம்?” பட்டினத்தின் பெயரைச் சொன்னால் போதாது. ஊர், ஊருக்குள் எந்தப் பக்கம், எந்தக் கோயிலடி, எந்த ஒழுங்கை என்று கேள்வி ஒவ்வொரு படியாகக் கீழே இறங்கும். ஆனந்தராஜா இரண்டாம் படியிலேயே பேச்சை மழைக்கும் குளிருக்கும் திருப்பிவிடப் பழகிக்கொண்டார்.

சலவைப் பகுதியின் கோடியில் ஒரு சின்னத் தையல் அறை இருந்தது. கிழிந்த படுக்கை விரிப்புகளையும் சத்திர சிகிச்சை அங்கிகளையும் ஒட்டுப் போட்டுத் தைக்கிற இடம். அங்கே வேலை செய்தவன் ஒரு நேபாளி. அவனுடைய சட்டையில் குத்தியிருந்த பெயர் அட்டையில் ‘தன் பகதூர் அதிகாரி’ என்று இருந்தது; அதிகாரி என்பது குடும்பப் பெயர். ஆனந்தராஜாவை விட ஐந்து வயது இளையவன். மூன்று மணித் தேநீருக்கு அவனுடைய அறையில்தான் சூடாக இருக்கும் என்பதால் ஆனந்தராஜா அங்கே போய் உட்கார ஆரம்பித்தார். இரண்டு பேரும் உடைந்த இங்கிலிஷில் கதைப்பார்கள். அவன் அவரைத் ‘தாஜு’ என்பான். அவர்கள் பாஷையில் அண்ணை என்று அர்த்தம்.

இரண்டு வருடம் போன பிறகு ஒரு நாள் அவன் கேட்டான். “தாஜு, பெரிய விரிப்பை மற்றவர்கள் இரண்டு பேராகப் பிடித்து மடிக்கிறார்கள். நீங்கள் ஒரு முனையைத் தாடையில் இடுக்கிக்கொண்டு தனியாக மடிக்கிறீர்கள். இது ஆஸ்பத்திரி சொல்லித் தந்த மடிப்பு இல்லை.”

ஆனந்தராஜா கோப்பையை வைத்துவிட்டார். ஏன் சொன்னார் என்று அவருக்கே பிறகு விளங்கவில்லை. ஒருவேளை அவனுக்குத் தமிழ் தெரியாது, போய்ச் சொல்வதற்குத் தமிழர் ஒருவரையும் தெரியாது என்பது காரணமாக இருக்கலாம். “என்னுடைய அப்பா துணி வெளுக்கிறவர்,” என்றார். அதைச் சொல்ல நாற்பத்துமூன்று வயது வரை எடுத்திருந்தது.

தன் பகதூர் எழுந்து போய் அறைக் கதவைச் சாத்தினான். திரும்பி வந்து, கண்ணில் நீர் வரும் வரைக்கும் சிரித்தான்.

“நான் அதிகாரி இல்லை, தாஜு. நான் தமாய். தையல்காரச் சாதி. ஊரில் கலியாண வீட்டுக்கு உடுப்புத் தைப்போம், வாசலில் நின்று கொம்பு ஊதுவோம், உள்ளே போக முடியாது. பிரிட்டிஷ்காரரின் கூர்க்காப் பட்டாளத்தில் தையல்காரனாகச் சேர்ந்தேன். அங்கேயும் சிப்பாய்கள் என்னுடைய கோப்பையைத் தனியாகத்தான் வைத்திருந்தார்கள். பட்டாளத்தோடு இங்கே வந்தேன். வேலையை விட்டுவிட்டு லண்டனுக்கு வந்த அன்று ஒரு படிவம் தந்தார்கள். குடும்பப் பெயர் என்ன என்று கேட்டிருந்தது. பேனையை எடுத்து அதிகாரி என்று எழுதினேன். பிராமணனாகிவிட்டேன்.”

“உங்கள் ஆட்கள் கேட்பதில்லையா?” என்றார் ஆனந்தராஜா.

“கேட்பார்கள். எந்த அதிகாரி, எந்த மலை, எந்தக் கோத்திரம். அதனால்தான் நான் எந்தக் கூட்டத்துக்கும் போவதில்லை.”

அதற்குப் பிறகு அந்த அறையில் இரண்டு பேருக்கும் ஒளிக்க ஒன்றும் இருக்கவில்லை. முழு லண்டனிலும் ஆனந்தராஜா தன் சொந்த முகத்தோடு இருந்தது அந்த ஆறடிக்கு எட்டடி அறையில்தான். ஆனால் அதையும் அவரே கெடுத்துக்கொண்டார்.

1989இல் மிச்சம் பகுதித் தமிழர்கள் ஒரு சங்கம் தொடங்கினார்கள். தலைவர் தில்லையம்பலம், ஓய்வுபெற்ற எஞ்சினியர். கவுன்சிலிடம் மண்டபம் கேட்க வேண்டும், விசாவில் மாட்டுப்பட்ட பெடியளுக்காக ஹோம் ஒபீசுக்கு எழுத வேண்டும். ஆனந்தராஜாவின் இங்கிலிஷ் தில்லையம்பலத்துக்குப் பிடித்துப் போனது. முதலாவது பொதுக்கூட்டத்தில் அவரைச் செயலாளராகப் போட்டார்கள். சனம் கை தட்டியது.

அடுத்த நாள் மூன்று மணிக்கு அதைச் சொன்னதும் தன் பகதூர் மெஷினை நிறுத்திவிட்டு எழுந்து நின்றான்.

“உங்கள் ஆட்களே உங்களைத் தேர்ந்தெடுத்தார்களா?”

“ஓம்.”

“நீங்கள் யார் என்று அவர்களுக்குத் தெரியுமா, தாஜு?”

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அவனுடைய சந்தோஷத்தைக் கெடுக்க மனம் வரவில்லை என்று பிற்காலத்தில் ஆனந்தராஜா தனக்குத்தானே சொல்லிப் பார்த்தார். அது உண்மையில்லை. ஊரறியத் தலை நிமிர்ந்து நிற்கிற ஒரு மனுசனாக, ஒரே ஒருவனுடைய கண்ணிலாவது இருந்து பார்க்க அவருக்கு ஆசை வந்துவிட்டது.

“எல்லாருக்கும் தெரியும்,” என்றார்.

தன் பகதூர் அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு கனநேரம் விடவில்லை.

அடுத்த வருடம் ஏப்ரலில் காட்மாண்டுவில் சனம் தெருவுக்கு இறங்கியது. கட்சிகளுக்கு முப்பது வருடமாக இருந்த தடையை அரசர் எடுக்க வேண்டி வந்தது. புதிய அரசியல் சட்டம் எழுதப் போகிறார்கள், பொதுமக்கள் யோசனை சொல்லலாம் என்று அறிவித்தார்கள். லண்டனில் இருந்த நேபாளிகள் ஒரு தேவாலய மண்டபத்தில் கூடி, தங்கள் யோசனைகளை ஒரு மனுவாக அனுப்பத் தீர்மானித்தார்கள். தன் பகதூர் தானும் போகப் போவதாகச் சொன்னான்.

“பாராளுமன்றத்தில் எங்களுக்கு இத்தனை கதிரை என்று சட்டத்திலேயே எழுத வேண்டும், தாஜு. எழுதாவிட்டால் அந்தக் கதிரைகளைத் துடைக்கத்தான் எங்களைக் கூப்பிடுவார்கள். ஒரு பந்தி போதும். நீங்கள் இங்கிலிஷில் எழுதித் தாருங்கள்.”

ஆனந்தராஜா சங்கத்தின் டைப்ரைட்டரில் அந்தப் பந்தியை அடித்துக் கொடுத்தார். கூட்டத்துக்கும் கூடப் போனார். ஐம்பது பேர் வரையில் இருந்தார்கள். தன் பகதூர் எழுந்து நேபாளியில் பேசினான். ஆனந்தராஜாவுக்கு இரண்டே இரண்டு சொற்கள்தான் பிடிபட்டன. முதலில் அதிகாரி, பிறகு தமாய். அந்த இரண்டாவது சொல்லோடு மண்டபத்தில் கதிரைகள் அசைகிற சத்தம்கூட நின்றுபோனது. முன்வரிசையில் தொப்பி போட்ட ஒரு பெரியவர், விருந்தாளிக்கும் விளங்கட்டும் என்று இங்கிலிஷில் சொன்னார்: “லண்டனில் நாங்கள் எல்லாரும் நேபாளிகள்தான். உள்வீட்டுக் கதையை மனுவில் எதற்கு எழுத வேண்டும்?” பந்தியை வெட்டிவிட்டார்கள். மனு அது இல்லாமலே போனது.

பிறகு தேநீர் தந்தார்கள். குடித்து முடிந்ததும் பெண்கள் வந்து நீள மேசையில் இருந்த கோப்பைகளைப் பொறுக்கிக்கொண்டு போனார்கள். ஒரு கோப்பை மட்டும் வெறும் மேசையில் மிச்சமிருந்தது. தன் பகதூர் அதை எடுத்துக்கொண்டு போய்த் தானே கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு வந்தான்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவன் ஒன்றைத்தான் சொன்னான். “உங்கள் ஆட்கள் நல்லவர்கள், தாஜு.”

ஆனந்தராஜா இறங்குவதற்காக மணியை அடித்தார்.

அந்த நவம்பரில் தில்லையம்பலம் மாரடைப்பில் போய்விட்டார். செத்த வீட்டு ஒழுங்கெல்லாம் செயலாளர் தலையில்தான். தலைவரை ஒரு தடவை சந்தித்தவன் என்ற மரியாதைக்குத் தன் பகதூரும் கறுப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு ஸ்ட்ரெதம் பக்கத்தில் பிணம் எரிக்கிற கிரிமேற்றோரியத்துக்கு வந்து அவருக்குப் பக்கத்தில் நின்றான். அங்கேதான் செல்வரத்தினம் எதிரே வந்தார். ஆனந்தராஜாவின் ஊருக்கு அடுத்த ஊர்க்காரர். அந்தக் கோடையில் ஸ்ட்ரெதமில் இருந்த மகனிடம் வந்தவர். வந்து நாலைந்து மாதத்துக்குள் சங்கத்தில் முன்கதிரை பிடித்துவிட்டவர். கூட்டங்களில் எட்ட நின்று தலையாட்டியதோடு சரி, இன்றுதான் முதல் தடவை கிட்ட வந்து ஆளை மேலும் கீழும் பார்த்தார்.

“ஆனந்தன் தானே? மாணிக்கன்ர மகன்?” குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார். சிரித்தபடிதான் சொன்னார். “வெள்ளை கட்ட ஆளில்லாமல் தில்லையம்பலத்தாரை எடுக்கப் போறாங்களே எண்டு யோசிச்சன். நீ நிக்கிறாய், பிறகென்ன.”

ஆனந்தராஜாவின் குரல் ஒழுங்காகத்தான் வந்தது. “நீங்கள் ஆளை மாறிக் கதைக்கிறியள், ஐயா. என்ர பேர் ஆனந்தராஜா. எங்கட அப்பா தபால் கந்தோரில இருந்தவர்.”

“அப்பிடியோ? அப்ப சரி,” என்றார் செல்வரத்தினம். சிரிப்பு மாறவில்லை.

தன் பகதூர் மெதுவாகக் கேட்டான். “அந்தப் பெரியவர் என்ன சொன்னார், தாஜு?”

“என்னுடைய அப்பாவைத் தெரியுமாம். நல்ல மனிதர் என்கிறார்.”

தன் பகதூர் இரண்டு கைகளையும் கூப்பி, செல்வரத்தினத்தைப் பார்த்துத் தலை குனிந்து வணங்கினான்.

இரண்டு மாதம் கழித்து, தை மாதத்தில், அவன் தையல் அறையில் வைத்துக் கேட்டான். நேபாளத்தில் மே மாதம் தேர்தல். தன்னுடைய தொகுதியில் சுயேச்சையாக நிற்கலாமா என்று யோசிப்பதாகச் சொன்னான். கட்சிகள் தமாய்க்கு இடம் தராது. வேலையை விட வேண்டும். திரும்பி வர முடியுமோ தெரியாது. “நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?”

“போ,” என்றார் ஆனந்தராஜா. யோசிக்காமல் வந்தது. “போய் நில். நாங்கள் நிற்காவிட்டால் யார் நிற்பது?” கிரிமேற்றோரியத்தில் விழுங்கின அவ்வளவும் அந்தப் பேச்சில் வெளியே வந்தது. அரை மணித்தியாலம் பேசினார். அப்படி ஆவேசமாகப் பேசக்கூடிய ஒரு ஆள் தனக்குள் இருப்பது அவருக்கே தெரியாது. தன் பகதூர் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரிக் கேட்டுக்கொண்டிருந்தான். மாசி முடிவதற்குள் போய்விட்டான்.

இரண்டு கடிதம் வந்தது. முதலாவதில் நியமனப் பத்திரம் ஏற்றுக்கொண்டார்கள் என்றும், மலை மலையாக நடக்கிறேன் என்றும் எழுதியிருந்தான். இரண்டாவது ஜூனில் வந்தது. அறுபத்தொரு வாக்கு. தமாய்க் குடியிருப்பில் மட்டும் இருநூறு வாக்குக்கு மேல் இருந்ததாம். நிலக்காரர் வீடுகள் வருடத்துக்கு ஒருமுறை தருகிற தானியத்தை நிறுத்திப்போடுவோம் என்று சொன்னதால் அவனுடைய ஆட்களே அவனுக்குப் போடவில்லை. தேர்தல் முடிந்த பிறகும் தானியத்தை நிறுத்திவிட்டார்கள். குடியிருப்பில் யாரும் அவனோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. கடைசி வரி: “கவலை இல்லை. உங்கள் ஆட்களுக்கும் ஒரு காலம் எடுத்திருக்கும்தானே?”

அதற்கு என்ன பதில் எழுதுவது என்று தெரியாமல் ஆனந்தராஜா நாளைக் கடத்தினார். கோடை போய்விட்டது. நவம்பரில் வந்த கடிதம் வேறு கையெழுத்தில் இருந்தது. தன் பகதூரின் மகள் தில்மாயா சொல்லச் சொல்ல, அந்த ஊர் வாத்தியார் ஒருவர் இங்கிலிஷில் எழுதியது.

அப்பா ஆவணி மாதத்தில் கிராம அலுவலகத்துக்கு முறைப்பாடு கொடுக்கப் போனார், திரும்பி வரவில்லை, மூன்றாம் நாள் ஆற்றுப் பள்ளத்தில் கிடந்தார் என்று எழுதியிருந்தது. வழுக்கி விழுந்தார் என்கிறார்கள். தள்ளிவிட்டார்கள் என்று சிலர் சொல்கிறார்கள். தானாகவே குதித்தார் என்று எங்கள் ஆட்கள் சொல்கிறார்கள். கண்டவர் யாரும் இல்லை.

“அப்பா எல்லாக் கூட்டத்திலும் உங்களைப் பற்றித்தான் பேசினார். லண்டனில் எனக்கு ஒரு அண்ணன் இருக்கிறார், அவர் துணி வெளுப்பவருடைய மகன், அவருடைய ஆட்களுக்கு அது தெரியும், தெரிந்துதான் தேர்ந்தெடுத்தார்கள், பெரிய சாதிக்காரர் அவருடைய தகப்பனைப் புகழ்ந்ததை நானே என் கண்ணால் பார்த்தேன் என்று சொல்லுவார். நான் கூட்டத்தில் இருந்து கேட்டிருக்கிறேன். உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். உங்கள் ஆட்கள் எப்படிச் சம்மதித்தார்கள்? எங்கள் ஆட்கள் ஏன் சம்மதிக்கவில்லை?”

ஆனந்தராஜா அதைச் சலவைப் பகுதியின் கன்ரீனில் இருந்து வாசித்தார். வாசித்துவிட்டு வேலைக்குத் திரும்பினார். அன்று கொதிகலத்தில் இருந்து வந்த முதல் வண்டியில் ஒட்டுப் போட்ட விரிப்பு ஒன்று கிடந்தது. சதுர ஒட்டு, நாலு மூலையிலும் சின்னச் சின்னப் பெருக்கல் குறி மாதிரித் தையல். அது தன் பகதூரின் கை. வேறு யாரும் மூலையில் அப்படிப் போடுவதில்லை.

அன்றிலிருந்து அது விடவில்லை. ஆஸ்பத்திரி முழுக்க அவன் தைத்த துணிதான். பிள்ளைப்பேறு வார்ட்டில் இருந்து வரும், பிணவறையில் இருந்து வரும், வாரத்துக்கு நாலு, ஐந்து. வெளுத்து, மடித்து மேலே அனுப்பினால் பத்து நாளில் திரும்பி வந்து கையில் ஏறும். துணி நைந்து போனாலும் தையல் பிரியவில்லை. தையல் அறையை உடைந்த சக்கர நாற்காலிகள் போடுகிற இடமாக்கிவிட்டார்கள். மெஷினையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். ஆனாலும் மூன்று மணி அடிக்கிற நேரம், எல்லா இயந்திரமும் ஓய்ந்து ஆட்கள் தேநீருக்குப் போன பிறகு, அந்தக் கதவுக்குப் பின்னால் தையல் மெஷின் ஓடுகிற சத்தம் அவருக்குக் கேட்கும். ஓடும், நிற்கும். நிற்கிற நேரம்தான் தாங்க முடியாது. ஒருவன் மெஷினை நிறுத்திவிட்டுக் கேள்வி கேட்கப் போகிற நேரம் அது. முதலில் கதவைத் திறந்து பார்த்தார். பிறகு பார்ப்பதை விட்டுவிட்டார்.

“நித்திரையில என்னவோ இங்கிலிஷில கதைக்கிறியள்,” என்றாள் அருள்நாயகி.

“என்ன சொல்லுறன்?”

“தெரியும், தெரியும் எண்டு.”

அவளிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் கேட்டுவிட்டு, “உங்களாலதான் எண்டு நான் சொல்ல மாட்டன்,” என்றாள். விளக்கை அணைத்துவிட்டு, “இல்லை எண்டும் சொல்ல மாட்டன்,” என்றாள்.

1992 வைகாசியில் சங்கத்தின் பொதுக்கூட்டம் மிச்சத்தில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் நடந்தது. ஒன்றரை வருடமாகக் காலியாக இருந்த தில்லையம்பலத்தின் இடத்துக்குத் தலைவர் தெரிவு. செல்வரத்தினத்தின் பெயரைச் சொன்னார்கள். வேறு பெயர் இருக்கிறதா என்று கேட்டபோது, மேசையில் இருந்து கூட்ட அறிக்கை எழுதிக்கொண்டிருந்த ஆனந்தராஜா எழுந்தார்.

“தலைவர் பதவிக்கு நானும் கேக்கிறன். அதுக்கு முதல் ஒண்டு சொல்ல வேணும். நான் கட்டாடி மாணிக்கத்தின்ர மகன். எங்கட அப்பா தபால் கந்தோரில இருந்தவர் இல்லை. அவர் துணி வெளுத்தவர். நானும் ஆசுப்பத்திரிக் கந்தோரில இல்லை. அங்க துணிதான் வெளுக்கிறன்.”

சத்தம் வரும், யாராவது எழும்பிப் போவார்கள் என்று எதிர்பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. சனம் சங்கடப்பட்டுக் கீழே பார்த்தது. செல்வரத்தினம்தான் பேசினார். கோபமே இல்லை, நல்ல தயவான குரல்.

“இரும், செக்கிரட்டரி. உது தெரியாத ஆர் இஞ்ச இருக்கினம்? முதல் நாளில இருந்து எல்லாருக்கும் தெரியும். தில்லையம்பலத்தார்தான் சொன்னவராம், ஆள் நல்லா எழுதுவார், கடுதாசி வேலைக்கு வைச்சிருப்பம் எண்டு. எங்களுக்கு உதெல்லாம் ஒரு பிரச்சினையே இல்லை. நீரேன் சும்மா உதைத் தூக்கிக்கொண்டு வாறீர்?”

ஆனந்தராஜா நின்றபடியே நின்றார். எல்லாருக்கும் தெரியும். தன் பகதூருக்குச் சொன்ன பொய் பொய்யே இல்லை. தெரிந்துதான் தெரிவு செய்தார்கள். இவ்வளவு காலமும் மழையையும் குளிரையும் சொல்லித் தப்பினோம் என்று நினைத்த ஒவ்வொரு முகமும், ஏற்கெனவே தெரிந்திருந்ததால்தான் இரண்டாம் படிக்குக் கீழே இறங்கிக் கேட்காமல் விட்டது. அவன் உயிரோடு இருந்தால் ஓடிப் போய் இதைச் சொல்லியிருக்கலாம். இது என்ன விதமான உண்மை என்று அவனுக்குத்தான் விளங்கும்.

கை உயர்த்தி வாக்கெடுத்தார்கள். செல்வரத்தினத்துக்கு நாற்பத்தேழு. ஆனந்தராஜாவுக்கு இரண்டு. ஒன்று, கூட்டங்களுக்குத் தேநீர் போடுகிற மன்னார்ப் பெண் இம்மாகுலேற்றின் கை. மற்றது அருள்நாயகியுடையது, அது தோளுக்கு மேல் உயரவில்லை. எண்ணிக்கையை எழுத வேண்டியது செயலாளருடைய வேலை. ஆனந்தராஜா இருந்து இரண்டையும் ஒழுங்காக எழுதினார், திகதி போட்டார், கையெழுத்து வைத்தார். பிறகு புத்தகத்தை மூடி மேசையில் வைத்துவிட்டு மனைவியோடு வெளியே வந்தார். திரும்ப அங்கே போகவில்லை.

அந்தக் கிழமையே தில்மாயாவுக்கு எழுதினார். ஏழு பக்கம். பொய் சொன்னதை, கிரிமேற்றோரியத்தில் நடந்ததை, அவளுடைய அப்பா யாரை வணங்கினார் என்பதை, மண்டபத்தில் தெரியவந்ததை, ஒன்றும் விடவில்லை. பதில் வரவில்லை. ஒரு வருடம் பார்த்தார், இரண்டு வருடம் பார்த்தார். ஒட்டுப் போட்ட விரிப்புகள் ஒவ்வொன்றாகக் கிழிந்து கழிந்து போயின. அது குறையக் குறைய மனம் ஆறும் என்று நினைத்தார். ஆறவில்லை. வராத நாட்களில் தேடினார். 1995இல் சலவை வேலையை வெளிக் கொம்பனி ஒன்றுக்குக் கொடுத்துவிட்டு அடித்தளத்தைப் பூட்டினார்கள். ஆனந்தராஜாவும் அருள்நாயகியும் கிழக்கு லண்டனில் பிளேஸ்டோவுக்கு வீடு மாறினார்கள். அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் துப்புரவு வேலை. மூன்று மணிக்குப் பிள்ளைகள் போய் வகுப்பறைகள் காலியானதும், மெஷின் ஓடுகிற சத்தம் அங்கேயும் வந்து சேர்ந்தது.

1997 புரட்டாதியில், இரண்டு விலாசம் மாறி, தில்மாயாவின் கடிதம் வந்தது. இம்முறை அவளே எழுதியிருந்தாள். இங்கிலிஷ் படித்திருந்தாள்.

“இந்த வருடம் ஒவ்வொரு வட்டாரத்திலும் ஒரு பெண் உறுப்பினர் இருக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. பெரிய வீட்டுப் பெண்களை அவர்களுடைய ஆண்கள் வெளியே விடவில்லை. கட்சிக்காரர்கள் வந்து என் பெயரை எழுதிக்கொண்டு போனார்கள். வென்றுவிட்டேன். கூட்டம் வட்டாரத் தலைவர் வீட்டில் நடக்கிறது. நான் வாசற்படிக்கு வெளியே, மண்ணில் இருக்கிறேன். முடிந்ததும் புத்தகத்தை வெளியே கொண்டு வருவார்கள். கையெழுத்துப் போடுவேன். உங்கள் ஏழு பக்கத்தையும் வைத்திருக்கிறேன். உங்கள் மேல் கோபம் இருந்தது. இப்போது கேட்க வேறு ஆள் இல்லை. நான் உள்ளே போகட்டுமா?”

மூன்று கிழமை அந்தக் கடிதம் அவருடைய கோட்டுப் பைக்குள் இருந்தது.

“என்ன எழுதப் போறியள்?” என்று அருள்நாயகி கேட்டாள்.

“தெரியேல்லை.”

“போ எண்டு எழுதுவியளோ?”

“அந்தச் சொல்லை நான் இனி ஒருத்தருக்கும் சொல்ல மாட்டன்.”

“அப்ப, வெளியிலயே இரு எண்டு எழுதப் போறியள்?”

கடைசியில் அவர் எழுதியது நாலே வரி. ‘நீ கேட்டதற்கு விடை சொல்லும் தகுதி எனக்கில்லை. உன்னுடைய அப்பாவை அனுப்பியவன் நான். நீ உள்ளே போனாலும் வெளியே இருந்தாலும் எனக்கு எழுது. இம்முறை உடனே பதில் போடுவேன்.’

மார்கழியில் பதில் வந்தது. அவருடைய நாலு வரி போய்ச் சேர முதலே அவள் உள்ளே போயிருந்தாள். ஒரு கூட்ட நாளில் வாசற்படியைத் தாண்டிப் போய்ச் சுவரோரம் பாயில் உட்கார்ந்தாளாம். யாரும் அடிக்கவில்லை, ஏசவில்லை. தலைவர் புத்தகத்தை மூடிவிட்டார். வீட்டுக்காரி வந்து தீட்டுக் கழியப் பொன் தோய்த்த தண்ணீர் தெளித்தாள். அடுத்த கூட்டத்தை வேறு வீட்டுக்கு மாற்றிவிட்டார்கள். எந்த வீடு என்று அவளுக்கு யாரும் சொல்வதில்லை. அதனால் கூட்ட நாளன்று காலையிலேயே வெளிக்கிட்டு, மலைச் சரிவில் வீடு வீடாகப் போய்த் தேடுகிறாள். போன மாதம் ஆறாவது வீட்டில் கண்டுபிடித்தாளாம்.

ஆனந்தராஜா அதை அருள்நாயகிக்குத் தமிழில் வாசித்துக் காட்டினார். அவள் வெட்டிக்கொண்டிருந்த கத்தரிக்காயை வைத்துவிட்டுக் கேட்டாள்:

“தனியவோ போறாள்?”

“ஓம். தனியத்தான்.”